ஒரு கோப்பு, ஒரு மதிப்பு: சிஸ்எஃப்எஸ்ஸில் புதுக் கோப்பு சேர்க்கப் போகிறவர்களுக்கு

லினக்ஸ் ஓடும் மடிக்கணினி கையில் இருந்தால் டெர்மினலைத் திறந்து, /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 என்ற அடைவுக்குள் போய், கெப்பாசிட்டி என்ற கோப்பை 'கேட்' கட்டளையால் படித்துப் பாருங்கள். 87 என்று வரும், அல்லது 43. அவ்வளவுதான். சதவீதக் குறி கிடையாது, 'பேட்டரி அளவு' என்ற முன்னுரை கிடையாது. ஓர் எண், அதன் பின் ஒரு வரிமுடிவு. உண்மையில் வட்டில் அப்படி ஒரு கோப்பே இல்லை. நீங்கள் படிக்கும் நொடியில் கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், ஒரு செயற்கூறு ஓடி, பேட்டரியை விசாரித்து, அந்த இரண்டு இலக்கங்களை எழுதித் தருகிறது.

அந்த மொட்டையான இரண்டு இலக்கங்களுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிடிவாதம் இருக்கிறது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு எல்லோருடைய கணினிக்கும் வந்து சேர்ந்தது சிஸ்எஃப்எஸ், அதாவது நீங்கள் இப்போது நுழைந்த /சிஸ் அடைவு. அதை எழுதத் தொடங்கியவர் பேட்ரிக் மோஷெல். அதற்கு முன்பு கெர்னல் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் /ப்ராக் அடைவில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடும் நிரல்களைப் பற்றிச் சொல்ல உருவான இடத்தில் வன்பொருள் விவரம், ஒலி அட்டை விவரம், வலையமைப்பு விவரம் என்று ஆளுக்கொரு வடிவத்தில் குவிந்தன. ஒன்றில் அட்டவணை, இன்னொன்றில் முக்காற்புள்ளி வைத்த வரிகள், மூன்றாவதில் வெறும் பத்தி.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆர்ம் செயலிகளில் நடந்த கதை. /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் 'போகோமிப்ஸ்' என்று ஒரு வரி உண்டு. கெர்னல் கிளம்பும்போது போட்டுக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு. செயலியின் வேகத்தை அளக்க உதவாது என்பதைப் பெயரே கிண்டலாகச் சொல்லிவிடும். 2013-இல் ஆர்ம் பக்கத்தில் அந்த வரியை எடுத்தார்கள். எங்கோ ஓர் ஒலி நிரல் அந்த வரியைத் தேடிப் பார்த்துக் காணாமல், 'சிபியு மெகாஹெர்ட்ஸ் கிடைக்கவில்லை' என்று சொல்லி உயிரை விட்டது. 2015-இன் தொடக்கத்தில் அந்தப் பயனற்ற வரியை மறுபடியும் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. பயனர் நிரல்களை, அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை, உடைக்கக் கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. வரி அபத்தமானது என்ற வாதம் அங்கே எடுபடாது.

நீங்கள் சேர்க்கப் போகும் கோப்பும் அப்படித்தான். ஒரு கெர்னல் பதிப்போடு வெளியே போய்விட்டால் அது உங்களுடையது இல்லை. ஆகவே கண்டிப்பு எவ்வளவு காட்ட முடியுமோ அவ்வளவையும் பேட்ச் (கெர்னலில் சேர்க்க அனுப்பும் நிரல் மாற்றம்) உள்ளே போவதற்கு முன்பு காட்ட வேண்டும். அந்தக் கண்டிப்பில் பாதியை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மீதியை மனிதர்தான் பார்த்தாக வேண்டும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: கோப்பே வேண்டாம் என்று முடிவெடுக்க முடியுமா?

புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. ஒரு விசிறிக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் கெர்னல் நிரல், எழுதுகிறீர்கள் என்றால், விசிறியின் வேகத்துக்கு நீங்களாக ஒரு பெயர் சூட்டத் தேவையில்லை. வன்பொருளைக் கண்காணிக்கும் எச்டபிள்யூமான் என்ற கெர்னல் துணையமைப்பு ஏற்கெனவே ஃபேன்1_இன்புட் என்று பெயர் வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் அலகு. வெப்பநிலைக்கு டெம்ப்1_இன்புட், அலகு செல்சியஸ் பாகையில் ஆயிரத்தில் ஒன்று. 45 பாகை என்றால் 45000 என்று வரும். கெர்னலுக்குள் தசமப் புள்ளி வைத்த கணக்கைத் தவிர்க்கும் வழக்கத்தால் வந்த ஏற்பாடு இது. பேட்டரி, சார்ஜர் என்றால் பவர்_சப்ளை. அங்கே மின்னழுத்தம் மைக்ரோவோல்ட்டில். திரை வெளிச்சம் என்றால் பேக்லைட். எல்இடி விளக்கு என்றால் எல்இடிஸ். இவற்றில் ஒன்றுக்குள் உங்கள் சில்லு அடங்கினால், அந்தத் துணையமைப்பின் செயற்கூறுகளை நிரப்பிக் கொடுத்தாலே போதும். கோப்புகள் தாமாக முளைக்கும், ஏற்கெனவே இருக்கும் பயனர் நிரல்கள் உங்கள் சில்லை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ளும்.

உங்களுக்கு மட்டும் பிழை தேடப் பயன்படும் விவரம் என்றால் அதன் இடம் டீபக்எஃப்எஸ், பிழை தேடுவதற்கென்றே உள்ள தனிக் கோப்பு முறைமை. கெர்னல் உருவாக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2004 வாக்கில் அதை உருவாக்கியபோது, அதற்கு விதியே இல்லை என்பதைத்தான் விதியாக வைத்தார். அங்கே நூறு வரி அட்டவணை போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே கவனம்: அங்கே இருக்கும் கோப்பு இல்லாமல் போனாலும் சாதனம் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: நிரலுக்கு முன் விளக்கத்தை எழுதுங்கள்

கெர்னல் மூல அடைவில் டாக்குமென்டேஷன்/ஏபிஐ என்று ஓர் அடைவு இருக்கிறது. அதற்குள் நான்கு அறைகள்: நிலையானவை, சோதனையில் இருப்பவை, வழக்கொழிந்தவை, நீக்கப்பட்டவை. ஒவ்வொரு சிஸ்எஃப்எஸ் கோப்புக்கும் இங்கே ஒரு பதிவு இருக்க வேண்டும்: கோப்பின் பாதை, சேர்த்த மாதம், கெர்னல் பதிப்பு, தொடர்புக்கு யார், விளக்கம். யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் குறிக்கலாம். 'சோதனையில் இருப்பவை' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலான பதிவுகள் அங்கேதான் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கின்றன. சோதனை என்று எழுதியிருந்தது என்பதற்காகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் உங்களை விட்டுவிடப் போவதில்லை.

இந்தப் பதிவை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் ஒழுங்கு முறை மட்டும் இல்லை. விளக்கத்தைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். 'இந்தக் கோப்பு சார்ஜரின் நிலையையும், மின்னோட்டத்தையும்...' என்று 'உம்' வந்து ஒட்டினால், உங்கள் கையில் இருப்பவை இரண்டு கோப்புகள். நான் இத்தனை காலம் பயன்படுத்தியதில் இதைவிட மலிவான சோதனை வேறு கிடைக்கவில்லை.

நன்றாக எழுதிய பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு மேக்ஸ்77693 என்ற சார்ஜர் சில்லின் ஃபாஸ்ட்_சார்ஜ்_டைமர் கோப்பைக் காட்டுவேன். சார்ஜர் அதிவேக நிலையில் அதிகபட்சம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் காட்டவும் மாற்றவும் அந்தக் கோப்பு. நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்று விளக்கம் சொல்கிறது: அதிவேக சார்ஜ் நின்றுவிடும், மின்னோட்டம் சுழியத்துக்கு இறங்கும், குறுக்கீடு எழும். படிக்கலாம், எழுதலாம் என்று சொல்கிறது. செல்லுபடியாகும் மதிப்புகள் 4 முதல் 16 வரை, அலகு மணி, இரண்டிரண்டாக. இடைப்பட்ட எண் கொடுத்தால் கீழ்ப்பக்கம் இறங்கும். 0 என்றால் இந்த நேரக் கட்டுப்பாடே இல்லை. பத்து வரிதான். ஆனால் 7 என்று எழுதினால் என்ன கிடைக்கும் என்று இனி யாரும் டிரைவர் நிரலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. உங்கள் பதிவு இந்த அளவுக்கு வந்த பிறகு நிரலைத் தொடுங்கள்.

மூன்றாம் படி: மதிப்பின் வடிவம்

விதி எளியது. சிஸ்எஃப்எஸ்ஸின் சொந்த ஆவணமே அதைச் சொல்கிறது: சாதாரண எழுத்துக் கோப்பு, கூடுமானவரை ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு. ஒரே வகை மதிப்புகளின் வரிசை என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். பல வகைகளைக் கலப்பது, பல வரிகளாக எழுதுவது, அழகுபடுத்துவது ஆகியவற்றைச் செய்தால் ஊர் முன்னால் அவமானப்பட நேரலாம், உங்கள் நிரல் சொல்லாமல் கொள்ளாமல் திருத்தி எழுதப்படலாம் என்று அந்த ஆவணம் மிரட்டுகிறது. நகைச்சுவையாக எழுதியதுதான். முதல் பாதியை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சார்ஜர் டிரைவரில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு கோப்பு வைத்தேன். ஆறு வரிகள்: நிலை, மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம், பிழை எண், சில்லின் பதிப்பு. ஒரே பார்வையில் எல்லாம் தெரிகிறதே என்று பெருமை வேறு. சோதனைக் குழுவில் ஒருவர் அதன் மூன்றாம் வரியை எடுத்து மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். இரண்டு மாதம் கழித்து நான் நடுவில் ஒரு வரி சேர்த்தேன். அன்றிரவு முழுக்க அந்த ஸ்கிரிப்ட் மின்னழுத்தத்தை மின்னோட்டம் என்று நம்பி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. மறுநாள் கூட்டத்தில் எனக்கு நடந்த மரியாதையை இங்கே விவரிக்க வேண்டாம்.

அந்த ஆறும் ஆறு கோப்புகளாக இருந்திருந்தால் ஏழாவதைச் சேர்த்ததில் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. விதியின் முழுச் சாரமும் இதுதான். கோப்பின் பெயரே மதிப்பின் பெயர். பகுத்துப் பார்க்கும் வேலை பயனர் பக்கம் இல்லை. புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது அசையாது. இல்லாத ஒன்று இல்லை என்பதும் தெளிவு, ஏனென்றால் கோப்பே இருக்காது.

இனி விதிவிலக்குகள். வழக்கமாகப் புதியவர்கள் இவற்றைத்தான் சாட்சிக்கு இழுத்து வருவார்கள். முதலாவது, /சிஸ்/பிளாக் அடைவில் ஒவ்வொரு வட்டுக்கும் இருக்கும் 'ஸ்டாட்' கோப்பு. ஒரே வரியில் தொடக்கத்தில் 11 எண்கள் இருந்தன, இன்று 17. படித்த கோரிக்கைகள், எழுதிய கோரிக்கைகள், காத்திருந்த நேரம் என்று நீளும். விதி எங்கே போயிற்று? அதன் ஆவணமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலும் சொல்கிறது: ஒரே கோப்பில் இருந்தால்தான் எல்லா எண்களும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை என்று கெர்னல் உறுதி தர முடியும். பதினேழு கோப்புகளைத் திறந்து மூடுவதற்குள் வட்டு எங்கோ போயிருக்கும். இது நியாயமான காரணம். புதிய எண்கள் எப்போதும் கடைசியில்தான் ஒட்டப்பட்டன, நடுவில் நுழைக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

இரண்டாவது, எல்இடி விளக்குகளின் 'டிரிகர்' கோப்பு. படித்தால், விளக்கை எரியவைக்க இருக்கிற தூண்டல்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். நடப்பில் இருப்பதைச் சுற்றிச் சதுர அடைப்பு. இந்த அடைப்புக்குறி வழக்கம் கெர்னல் முழுவதும் பரவிய ஒன்று, கைக்கும் வசதி. ஆனால் சிஸ்எஃப்எஸ் ஒரு கோப்புக்குத் தரும் இடம் ஒரு நினைவகப் பக்கம் மட்டுமே. எக்ஸ்86 கணினிகளில் 4096 பைட். ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தூண்டல் என்று வைத்தபோது, ஆயிரக்கணக்கான செயலிகள் உள்ள பெருங்கணினிகளில் பட்டியல் பக்கத்தைத் தாண்டி வழிந்தது. கடைசியில் அதை வரம்பில்லாத இருமக் கோப்பாக மாற்றினார்கள். மாற்றியவர்களே, 'இது நல்ல வடிவமைப்பு இல்லை, இதைப் பார்த்து எழுதாதீர்கள்' என்று கூடவே எழுதி வைத்தார்கள். யாராவது உங்களிடம் 'எல்இடியில் இருக்கிறதே' என்று வாதாடினால் காட்ட வேண்டிய வரி அது.

இருமக் கோப்புக்கு முறையான இடமும் உண்டு. பிசிஐ சாதனங்களின் 'கான்ஃபிக்' கோப்பு போல, வன்பொருள் தருவதைக் கெர்னல் பொருள் கொள்ளாமல் அப்படியே கடத்தினால் சரி. கெர்னலுக்குள் இருக்கும் ஒரு கட்டமைப்பை மொத்தமாக வெளியே தள்ள அதைப் பயன்படுத்தினால் தவறு.

நான்காம் படி: ஷோவும் ஸ்டோரும்

ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு செயற்கூறுகள். படிக்கும்போது ஷோ, எழுதும்போது ஸ்டோர். ஷோவுக்கு ஒரு பக்க அளவு இடம் தரப்படும். அதில் மதிப்பை எழுதி, எத்தனை பைட் எழுதினீர்கள் என்று திருப்பித் தர வேண்டும்.

பழைய டிரைவர்களில் இதற்கு, கொடுத்த இடத்துக்குள் எழுத்தை வடிவமைத்து எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருப்பதைக் காண்பீர்கள். பார்க்கப் பத்திரமாகத் தெரியும், அளவைத்தான் கொடுக்கிறோமே என்று. ஆனால் அது திருப்பித் தருவது எழுதிய நீளத்தை இல்லை. இடம் போதியிருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும் என்ற நீளத்தை. இடம் 4096, செய்தி 5000 என்றால் 5000 என்று தரும். கெர்னல் அதை நம்பினால் பக்கத்துக்கு வெளியே இருப்பதையும் பயனருக்கு வாரிக் கொடுக்கும். நல்லவேளையாகச் சிஸ்எஃப்எஸ் நம்புவதில்லை. பக்க அளவைத் தொட்டால், தவறான எண்ணிக்கை திரும்பியது என்று உங்கள் செயற்கூற்றின் பெயரோடு பதிவேட்டில் எழுதிவிட்டு, ஒரு பைட் குறைத்துக்கொண்டு மேலே போகும். அந்த இடத்தில் நிரலில் இருக்கும் குறிப்பு, 'எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரப் பார்ப்போம்' என்ற தொனியில் இருக்கும். எனக்குப் பிடித்த குறிப்புகளில் ஒன்று.

2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பிலிருந்து சிஸ்எஃப்எஸ்_எமிட் என்ற செயற்கூறு இருக்கிறது. பக்க அளவு அதற்கே தெரியும், உண்மையில் எழுதிய நீளத்தைத்தான் தரும், வேறு ஏதோ இடத்தைக் கொடுத்தால் எச்சரிக்கும். புதிய நிரலில் இதைத் தவிர வேறெதையும் எழுதாதீர்கள். எண்ணுக்குப் பின் ஒரு வரிமுடிவு. அலகை எழுதக் கூடாது. அலகின் இடம் ஆவணம்.

ஸ்டோரில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். பயனர் எக்கோ கட்டளையால் 8 என்று எழுதுகிறார். உங்களுக்கு வந்து சேர்வது எத்தனை பைட்? இரண்டு. எட்டு என்ற இலக்கம், அதன் பின் வரிமுடிவு. எண்ணாக மாற்ற கே-எஸ்டிஆர்-டு என்று தொடங்கும் செயற்கூறுகளைப் பயன்படுத்தினால் அந்த ஒற்றை வரிமுடிவை அவை பொறுத்துக்கொள்ளும். 8க்குப் பின் குப்பை ஏதாவது ஒட்டியிருந்தால் பிழை என்று சொல்லிவிடும். சொற்களை ஒப்பிட சிஸ்எஃப்எஸ்_எஸ்டிஆர்ஈக்யூ இருக்கிறது. வரிமுடிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஆம், இல்லை என்ற வகைக் கோப்பென்றால் கே-எஸ்டிஆர்-டு-பூல். 1, 0, ஒய், என், ஆன், ஆஃப் எல்லாம் அதற்குப் புரியும்.

பிறகு திருப்பித் தரும் எண். வந்த இரண்டு பைட்டையும் ஏற்றுக்கொண்டேன் என்று 2 தர வேண்டும். 'இலக்கம் ஒன்றுதானே' என்று 1 தந்தால், மீதம் ஒரு பைட் போகவில்லை என்று பயனர் பக்கம் வரிமுடிவை மட்டும் மறுபடி அனுப்பும். உங்கள் ஸ்டோர் இரண்டாம் முறை ஓடி, வெறும் வரிமுடிவை எண்ணாக மாற்ற முயன்று தோற்கும். திரையில் 'செல்லாத மதிப்பு' என்று பிழை. கோப்பைப் படித்துப் பார்த்தால் 8 ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்! இந்தப் புதிரில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்காத டிரைவர் எழுத்தாளர்கள் குறைவு.

ஐந்தாம் படி: அனுமதியும் பிறக்கும் நேரமும்

அனுமதியை எண்ணால் எழுதுங்கள்: எல்லோரும் படிக்கலாம் என்றால் 0444, நிர்வாகி மட்டும் எழுதலாம் என்றால் 0644. அதைவிட நல்லது, டிவைஸ்_ஆட்டர்_ஆர்ஓ, ஆர்டபிள்யூ, டபிள்யூஓ என்ற தயார் மேக்ரோக்கள். கோப்பின் பெயரைக் கொடுத்தால் அனுமதியையும் செயற்கூற்றுப் பெயர்களையும் அவையே பொருத்திக்கொள்ளும்.

கோப்பு எப்போது பிறக்கிறது என்பது இதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் கூட. சாதனத்தைப் பதிவு செய்த உடனே கெர்னல் 'புதுச் சாதனம் வந்திருக்கிறது' என்று பயனர் பக்கத்துக்கு அறிவிக்கும். சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற பயனர் நிரல் அதைக் கேட்டு ஓடி வந்து உங்கள் அடைவைத் திறந்து பார்க்கும். நீங்களோ அதற்கு அடுத்த வரியில்தான் கோப்பை உருவாக்கும் செயற்கூற்றை அழைக்கிறீர்கள். யூடெவ் பார்த்தபோது கோப்பு இல்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் மேசைக் கணினியில் நூறு முறை சரியாக ஓடும், வாடிக்கையாளரின் வேகமான கணினியில் பத்தில் ஒரு முறை தவறும்.

ஆகவே கோப்புகளைக் கையால் உருவாக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு குழுவாகக் கட்டி, சாதனம் உங்களுடையது என்றால் பதிவுக்கு முன்பே சாதனத்தின் 'குரூப்ஸ்' புலத்திலும், டிரைவர் மட்டும் உங்களுடையது என்றால் டிரைவரின் 'டெவ்_குரூப்ஸ்' புலத்திலும் மாட்டிவிடுங்கள். கெர்னலே கோப்புகளை உருவாக்கிவிட்டு அதன் பிறகு அறிவிக்கும். சாதனம் போகும்போது துடைத்தும் வைக்கும். சில மாடல்களில் மட்டும் ஒரு கோப்பு வேண்டாம் என்றால், குழுவின் 'ஈஸ்_விசிபிள்' செயற்கூற்றில் 0 என்று திருப்பினால் அது தோன்றாது.

ஆறாம் படி: இயந்திரத்தைக் காவலுக்கு வையுங்கள்

இதுவரை சொன்னவற்றில் இயந்திரத்துக்குத் தெரிந்தவை பல. அவற்றுக்காக மனிதர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

கம்பைலர் முதல் காவலாளி. கண்டவர்களும் எழுதலாம் என்று 0666 வைத்தால் அனுமதி மேக்ரோ கம்பைல் ஆகவே விடாது. உரிமையாளருக்கு இல்லாத படிக்கும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்தாலும் அப்படியே. அடுத்தவர் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட். பேட்சை அனுப்புவதற்கு முன் ஓட்டினால், அனுமதியைச் சொற்களால் எழுதியிருப்பதையும், தயார் மேக்ரோ இருக்கும்போது நீட்டி முழக்கியிருப்பதையும் சுட்டிக்காட்டும். மூன்றாவது, நிரலில் குறிப்பிட்ட வடிவங்களைத் தேடும் காக்சினெல் என்ற கருவி: ஷோவுக்குள் எஸ்என்பிரின்ட்எஃப் இருக்கிறதா என்று தேடுவதற்கென்றே கெர்னல் மூலத்தில் ஒரு விதிக் கோப்பு இருக்கிறது.

பிறகு டிரைவரை ஏற்றிவிட்டு, டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவைப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு உருவாக்கினால் அங்கே நீளமான புலம்பல் இருக்கும். ஈஸ்_விசிபிள் 0664க்கு மேற்பட்ட அனுமதியைத் திருப்பினால் எச்சரிக்கை இருக்கும். சாதனத்தை விடுவிக்கும் செயற்கூறு வைக்காமல் விட்டால், 'உடைந்திருக்கிறது, சரிசெய்தாக வேண்டும்' என்று நேரடியாகவே திட்டும். அந்தத் திட்டை அடக்குவதற்கென்று காலியான செயற்கூற்றை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றுகிற வேலை.

கடைசியாக, 'கெட்_ஏபிஐ' என்ற கருவி. மவுரோ கார்வால்யோ செஹாப் எழுதியது. முதலில் பெர்லில் இருந்தது, இப்போது பைதானுக்கு மாறிவிட்டது. 'வேலிடேட்' என்று கொடுத்தால் ஆவணப் பதிவுகளின் வடிவத்தைச் சரிபார்க்கும். 'அன்டிஃபைன்ட்' என்று கொடுத்தால் ஓடும் கணினியின் /சிஸ் அடைவு முழுவதையும் அலசி, பதிவே இல்லாத கோப்புகளைப் பட்டியலிடும். பட்டியல் நீளமாக வரும், பயந்துவிடாதீர்கள். பழைய பாவங்கள் நிறைய. அதில் உங்கள் டிரைவரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: மனிதர் பார்க்க வேண்டியது

ஒரு கோப்பில் ஆறு மதிப்பு இருப்பதை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. அலகு எழுதப்படாததையும் கண்டுபிடிக்காது. நான் பேட்ச் சரிபார்க்கும்போது நிரலைப் படிப்பதற்கு முன் ஒன்று செய்வேன்: சாதனத்தின் அடைவில் நின்று, கிரெப் கட்டளைக்குத் தேடுசொல்லாக ஒரு புள்ளியையும் கோப்புகளாக ஒரு நட்சத்திரத்தையும் கொடுப்பேன். கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று எல்லாக் கோப்புகளும் திரையில் வரிசையாக விழும். ஒரே பெயர் இரண்டு வரிகளில் வந்தால் அங்கேயே பேட்ச் திரும்பிப் போகும். ஒரு வரியில் இடைவெளி தெரிந்தால் கேள்வி எழும். 'எம்வி', 'சி' என்று அலகு ஒட்டியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

அதன் பிறகு எழுதியவரிடம் கேட்பது ஒன்றுதான்: இதை எந்தப் பயனர் நிரல் படிக்கப் போகிறது? பதில் 'நான் பார்ப்பதற்குத்தான்' என்றால் டீபக்எஃப்எஸ்ஸுக்கு வழிகாட்டுவேன். பதில் இல்லை என்றால் கோப்பும் இல்லை. கடுமையாகத் தெரியலாம். ஆனால் புதிதாக எழுதுபவரிடம் சொல்லும்போது எந்த வரி, ஏன், பதிலுக்கு என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். 'விதியைப் படி' என்று ஒற்றை வரியில் விரட்டினால் அவர் அடுத்த பேட்சை அனுப்பவே மாட்டார்.

காலம் கடந்துவிட்டால்

தவறான கோப்பு ஏற்கெனவே வெளியான பதிப்பில் இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது என்றால், அதைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் சரியான கோப்புகளை வையுங்கள். பழையதன் பதிவை வழக்கொழிந்தவை அறைக்கு மாற்றி, எதைப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் எழுதுங்கள். பயனர் நிரல்கள் ஒவ்வொன்றாக நகரும்வரை காத்திருங்கள்.

எவ்வளவு காலம் என்று கேட்டால், சில்லின் ஊசிகளை நிரலால் நேரடியாக இயக்க உதவும் /சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓ அடைவைப் பாருங்கள். அதில் 'எக்ஸ்போர்ட்' என்ற கோப்பில் 17 என்று எழுதினால் ஜிபிஐஓ17 என்று ஓர் அடைவு முளைக்கும். அடுத்த வரியிலேயே அதன் 'டைரக்‌ஷன்' கோப்பில் 'அவுட்' என்று எழுதும் ஸ்கிரிப்ட், நிர்வாகி இல்லாத பயனரின் கையில் சிலநேரம் அனுமதி இல்லை என்று விழும். யூடெவ் இன்னும் வந்து குழு உரிமையை மாற்றியிருக்காது. ராஸ்பெர்ரி பை வைத்து விளக்கு எரியவிட்டவர்கள் பலர் இதற்கு நடுவில் அரை நொடி உறக்கம் வைத்துச் சமாளித்திருப்பார்கள். 2016-இல் 4.8 பதிப்போடு இதற்கு மாற்றாகச் சாதனக் கோப்பு வழி வந்துவிட்டது. பழையதன் ஆவணம் வழக்கொழிந்தவை அறைக்குப் போயிற்று. அந்த அரை நொடி உறக்கத்தோடு எழுதிய ஸ்கிரிப்டுகள் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காக அந்த அடைவும் கெர்னலில் இன்னும் இருக்கிறது.